ஏழுக்கும் பத்துக்கும் நடுவில்

எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். நிஜக் காய்ச்சல் எது, லீவுக் காய்ச்சல் எது என்று ஆள் படியேறும்போதே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இதைக் கர்வத்தோடு ஆரம்பிப்பதுதான் முறை. நடந்ததெல்லாம் அதனால்தான்.

மார்கழியும் தையும் குன்னூர்ப் பக்கம் உறைபனிக் காலம். எங்கள் எஸ்டேட் பள்ளத்தில் இருப்பதால் விடியும்போது தேயிலைச் செடிகள் மேல் பனி வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும். அந்த ஈரக் கொழுந்தில் கை வைத்த கொஞ்ச நேரத்தில் பெண்களின் விரல்கள் மரத்துவிடும். "விரல் செத்துப்போச்சு" என்று அங்கே அந்த இரண்டு மாதமும் எல்லோரும் சொல்வார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தாங்க முடியாதவர்கள் ஆறரை மணிக்கு டிஸ்பென்சரி வாசலில் நிற்பார்கள். நான் சீட்டு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கு லீவு. சீட்டும் இல்லாமல் வேலைக்கும் போகாமல் இருந்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழாது.

இதற்கு நானே ஒரு வழி வைத்திருந்தேன். எனாமல் பேசின் ஒன்றில் வெந்நீர் ஊற்றி, மரத்த கையை ஐந்து நிமிஷம் அதில் வைக்கச் சொல்வேன். பனியில் மரத்த விரல் என்றால் ரத்தம் ஓடத் தொடங்கியதும் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். முகத்தைச் சுளித்ததும், "ஆச்சு, உசுரு வந்துருச்சு, கெளம்புங்க" என்று விரட்டிவிடுவேன். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள். எனக்கு வாய் நீளம் என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. ஆனால் என்னைப் பிடிக்காதவர்கள் என்று யாரும் இல்லை. அதிலும் எனக்கு ஒரு பெருமை.

அன்றைக்கு வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, பேசின் தண்ணீரைக் கொட்டப் போகும்போது அவள் வந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். கைக்குழந்தையாக இருக்கும்போதே இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான இந்த லயத்திலேயே வளர்ந்தவள். அவள் கணவரும் அப்படி வந்த குடும்பம்தான். எங்கள் டீ ஃபேக்டரியில் வேலை. ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொழுந்து எடுப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அதைவிட முக்கியம், இத்தனை வருஷத்தில் லீவு கேட்டு அவள் என் படி ஏறியதே இல்லை. அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். கை மரத்துப்போச்சு என்றாள். வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன. குளிருக்கு எல்லோரும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வரும் நேரம் அது. வாயில் வெற்றிலையோடு என்னிடம் பேசக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். "மொதல்ல வெத்தலையத் துப்பிட்டு வந்து பேசுங்க" என்று அதட்டினேன். அவள் கையைப் பேசினில் வைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, ஒன்றும் தெரியவில்லை என்றாள். ஏழெட்டுப் பேர் கை வைத்து எழுந்த தண்ணீர், அதற்குள் ஆறிப்போயிருந்தது. தண்ணீர் ஆறிவிட்டது, அதனால்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். புதிதாகச் சுட வைக்கச் சோம்பல். நாலு செடியில் கொழுந்து எடுத்தால் கை தானாகச் சூடேறிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் போனாள். மணி ஏழாக ஐந்து நிமிஷம் இருந்தது. சீட்டுக் கொடுக்காதவர்கள் பேரை ரிஜிஸ்டரில் எழுதும் வழக்கம் என்னிடம் இல்லை. அவள் பேரையும் எழுதவில்லை.

அவளுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான், அன்றைக்குத் தோன்றவில்லை. நான் அதட்டியபோது அவள் வாயைத் திறந்து காட்டினாளா என்று இன்றுவரை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சில நாள் திறந்து காட்டிய மாதிரி இருக்கிறது. உள்ளே நாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதுகூடத் தெரிகிறது. சில நாள் அப்படி எதுவும் இல்லை. நான் அவள் முகத்தையே பார்க்கவில்லை என்பதுதான் நிஜமாக இருக்கும்.

பத்து மணிக்கு, தேத்தண்ணி குடிக்க எல்லோரும் ஒதுங்கும் நேரத்தில், செடிகளுக்கு நடுவே விழுந்துவிட்டாள். கொழுந்து கட்டும் படங்குச் சாக்கில் போட்டு நாலு பெண்கள் தூக்கி வந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் துவண்டு கிடந்தன. காலையிலிருந்து இடது கை ஒன்றால்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், குளிருக்குத்தான் அப்படி என்று நாங்கள்கூடக் கேலி பண்ணினோம் என்று அந்தப் பெண்களில் ஒருத்தி அழுதாள். கை மரப்பதை அந்த மாதத்தில் யாரும் நோயாக நினைப்பதில்லை. அவர்கள் நினைக்காமல் போகலாம். நான் நர்ஸ்.

பார்த்த மாத்திரத்தில் பக்கவாதம் என்று தெரிந்துவிட்டது. ஏழு மணிக்கு என் எதிரில் நின்றதும் அதுதான் என்று அடுத்த நொடியில் தெரிந்தது. ஆனால் கை கால் எல்லாம் வேலை செய்தன. ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குக் கோத்தகிரிப் பக்கம் போயிருந்ததால் எஸ்டேட் ஜீப்பை வரவழைத்தேன். ஃபேக்டரியிலிருந்து அவள் கணவர் வேலை உடுப்போடு ஓடி வந்தார். மகளுக்குப் போன் பண்ணிக் கோயம்புத்தூருக்கு நேராக வரச் சொன்னேன். குன்னூர் ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் நேரம் கடத்தாமல் கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன்.

மலைப்பாதையில் பர்லியார் நெருங்கும்போது அவள் குமட்ட ஆரம்பித்தாள். கணவர் பதறிப்போய் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். பழப்பண்ணைக்கு எதிரே ஓரம் கட்டி, அவளை ஒருக்களித்துப் பிடித்து, வாயைத் துடைத்து, முகம் கழுவி மறுபடி கிளம்பப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நிறுத்தியது சரி. நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் வாந்தி புரையேறி மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும். வழி முழுக்க அவர் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார். வழி முழுக்க நான் அந்த ஏழு மணியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி டாக்டர் சின்ன வயது. முதல் கேள்வியே, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். பத்து மணி என்று கணவர் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அதுதான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நான் நர்ஸ் என்று தெரிந்துகொண்டு, தனியாகச் சொன்னார்: ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரக் கணக்கு உண்டு, இவங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஸ்கேன் முடிந்ததும் போட்டுவிடலாம், வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அந்த ஊசியைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நேரம் தாண்டிய பிறகு போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், ஆளே போய்விடலாம். பத்து மணி என்று வைத்தால் நேரம் இருக்கிறது. ஏழு மணி என்று வைத்தால் எப்போதோ முடிந்துவிட்டது. இது இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரியில் நான். அவள் கணவர் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிவிட்டார். கொழுந்துச் சாயம் ஏறிய விரல்கள். பேர் எழுத ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அப்போது எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசாமல் இருந்துவிடலாம், ஊசி வேலை செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. அவர் இரண்டு எழுத்து எழுதும் வரைக்கும் தோன்றிக்கொண்டிருந்தது.

டாக்டரை ஸ்கேன் அறைக்கு வெளியே பிடித்து நிறுத்திச் சொன்னேன். ஏழு மணிக்கு முன்னாலேயே கை மரத்திருந்தது, பேச்சுக் குழறியது. யார் பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருக்கலாம்.

டாக்டர் வெளியே வந்து அவள் கணவரிடம் சொன்னது ஒரே ஒரு வரிதான்: நேரம் தாண்டிவிட்டது, இனி அந்த ஊசி ஆபத்து, போட முடியாது. சொல்லிவிட்டு அடுத்த கேஸைப் பார்க்கப் போய்விட்டார். கணவர் கையில் அந்தக் காகிதத்தோடு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பர்லியார்ல நிக்காம வந்திருந்தா போட்டிருப்பாங்களா சிஸ்டரம்மா?"

அப்படியெல்லாம் இல்லை என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று அப்போதே தெரியும். டாக்டரிடம் உண்மையைச் சொல்லி அவள் உயிரைக் காப்பாற்றியாயிற்று, இவரிடம் வேறு சொல்ல வேண்டுமா என்று மனசுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டேன். சாக்குச் சொல்பவர்களை வாசலிலேயே கண்டுபிடிப்பவள் இல்லையா நான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். வலது பக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை, நாம் பேசுவது புரிகிறது, பதிலுக்கு ஒரு சத்தம்தான் வருகிறது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் முழுக்க நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். டாக்டர்கள் சொல்வதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். எந்தப் பரிசோதனைக்கு எந்த மாடி, எந்தக் காகிதத்துக்கு எங்கே முத்திரை, எல்லாம் நானே அலைந்தேன். முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எப்படிப் புரட்டுவது, புரையேறாமல் கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுப்பது என்று மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். அந்தப் பெண் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். முதல் நாள் என்னைச் சிஸ்டர் என்றவள், வீடு திரும்பும்போது பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அந்த வார்த்தை ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தியது.

லயத்துக்கு வந்த பிறகும் டிஸ்பென்சரி முடிந்ததும் நேரே அங்கேதான் போவேன். கை காலுக்குப் பயிற்சி கொடுப்பேன். நான் உள்ளே நுழைந்ததிலிருந்து திரும்பும் வரைக்கும் அவள் கண்கள் என்னைவிட்டு நகராது. கோபமா என்று பார்ப்பேன். கோபம் மாதிரி இருக்காது. வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை என்னோடு வீட்டுக்கு வரும். நான் சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், என் பின்னால் யாரோ கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தோன்றும். திரும்பிப் பார்த்துவிடுவேன். ஒருநாள் பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ வாயில் வெற்றிலையோடு கொழகொழவென்று பேசினார்கள். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி மீதித் தூரம் நடந்தேன்.

ஒரு தரம், இறுகிப்போன அவள் வலது கையைத் தளர்த்துவதற்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்று பேசினில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன். வெந்நீர் பக்கத்தில் வந்ததும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கையால் பேசினை ஓங்கித் தள்ளினாள். பாய், போர்வை எல்லாம் நனைந்துபோயிற்று. அம்மாவுக்குச் சூடு தாங்கவில்லை போல என்று மகள் ஓடி வந்து துடைத்தாள். தண்ணீர் அவ்வளவு சூடாக இல்லை, நான்தான் கை வைத்துப் பார்த்தேனே. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மார்கழி வரும் முன்பே வேலையை விட்டுவிட்டேன். மறுபடி ஆறரை மணிக்கு அந்த வாசலில் வரிசையைப் பார்க்க என்னால் முடியாது. முட்டிவலி என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நான் எதையாவது சுமந்துகொண்டு போகிறேன், அது என் பாடு. அவள் கணவர் சுமந்ததுதான் என்னை உட்கார விடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் பர்லியாரைப் பற்றித்தான் சொல்வார். நானேதான் நிறுத்தச் சொன்னேன், அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் பேச்சுப் போய்விட்டது என்பார். நிறுத்தியது சரி என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நர்ஸ் என்பதால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கோயம்புத்தூருக்குச் செக்கப்புக்குப் போவதென்றால் பர்லியார் ரோட்டில் போக மாட்டேன் என்றார். குன்னூரிலிருந்து கோத்தகிரி போய், அங்கிருந்து வேறு ரோட்டில் இறங்கி மேட்டுப்பாளையம் போவார். உட்காரவே சிரமப்படும் பெண்ணை வைத்துக்கொண்டு சுற்றுவழி. வளைவுக்கு வளைவு அவள் வாந்தி எடுப்பாள். அவர் அதைத் துடைத்துக்கொண்டே போவார். அப்பா ராத்திரியில் சாப்பிடுவதே இல்லை, தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று மகள் ஒருநாள் என்னிடம் சொன்னாள். மனைவியின் வாயை அடைத்தது தான்தான் என்ற நினைப்போடு அந்த மனுஷர் ஒருநாள் செத்துப்போவார். அது நிஜம் இல்லை என்று தெரிந்த நான் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பேன். அதை நினைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். அவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கை மரத்து வந்தது, வெற்றிலை என்று அதட்டியது, ஆறின தண்ணீர், டாக்டரிடம் தனியாகச் சொன்னது, அதனால்தான் ஊசி போடாதது. ஒன்றையும் விடவில்லை.

மார்கழி தையில் யாருக்குத்தான் கை மரக்காது என்றார் கணவர். பேச்சும் குழறியது அண்ணா, நான்தான் கவனிக்கவில்லை என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை.

"எழுதி வெச்சிருக்கீங்களா சிஸ்டரம்மா?"

இல்லை என்றேன். சீட்டுக் கொடுத்தால்தான் எழுதுவேன் என்று விளக்கப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"நீங்க எழுதாம ஒரு ஆளையும் விட மாட்டீங்க. எனக்குத் தெரியாதா? இந்த ஊட்டுக்கு நீங்க செஞ்சது போதாதா? நான் செஞ்ச பாவத்தையும் நீங்களே தூக்கிக்கிட்டுப் போகப் பாக்குறீங்க."

மகள் அழ ஆரம்பித்தாள். எனக்காக அழுதாள். எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. எப்படியாவது நம்பவைக்க வேண்டும் என்று கட்டிலருகே போய் மண்டியிட்டேன். அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களே சொல்லுங்க. அன்னைக்குக் காலைல எங்கிட்ட வந்தீங்கதானே?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மெதுவாக, இரண்டு தடவை ஆட்டினாள். இல்லை.

பார்த்தீர்களா என்றார் அவர்.

இந்த மாதிரி நோயாளிகளுக்கு ஆமாமும் இல்லையும் மாறிப்போவது உண்டு. டீ வேண்டுமா என்றால் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு டம்ளருக்குக் கை நீட்டுவாள். அப்படி மாறிப்போய்ச் சொன்னாளா, என்னை விட்டுவிடலாம் என்று சொன்னாளா, இல்லை இவ்வளவு நாள் கழித்து வந்து சொல்கிறாயே என்று என்னை நிரந்தரமாக அந்தக் குற்றத்திலேயே நிறுத்திவைத்தாளா, எனக்குத் தெரியாது. அவள் மனசில் இருந்ததைச் சொல்லும் வழியை அவளிடமிருந்து பறித்தவள் நான். அதை அவளிடமே கேட்டுக்கொண்டு மண்டியிட்டிருந்தேன்.

அவரே அடுப்பைப் பற்றவைத்து எனக்கு டீ போட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அழாதீங்க பெரியம்மா என்று என் முதுகைத் தடவினாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன மாதமும் அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப் போனார்கள். கோத்தகிரி வழியாகத்தான். துணைக்கு நானும் போனேன். வளைவுகளில் வாந்திப் பையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் அவள் வாயைத் துடைத்துவிட்டார்.